ஒன்பது ஊசியும் ஒரு வேண்டாமும்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் என் போன் ஓயாது. வருஷம் முழுக்கத் தூசிக்குள் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை அந்த ஒரு நாள்தான் மதுரையில் எல்லோருக்கும் துடைக்கத் தோன்றும். வயர்களைப் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மானிட்டருக்கு ஒரு முழம் பூவும் சாத்தி, ராத்திரி முழுக்க ஓய்வு கொடுப்பார்கள். விஜயதசமி காலையில் ஸ்விட்சைப் போட்டால் அது எழுந்திருக்காது. "சாமி கும்பிட்ட பெறகுதாண்ணே இப்படி ஆகிப்போச்சு" என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள். சாக்கெட்டுக்குள் சந்தனத்தை அப்பியது சாமியா?

எனக்கு முன்கோபம் உண்டு. என் வீட்டில் கேட்டால் பின்கோபமும் உண்டு என்பார்கள். ஆனால் சந்தனத்துக்கெல்லாம் நான் கோபப்படுவதில்லை, அது என் பிழைப்பு. என்னைக் கொதிக்கவைப்பது போனில் கேட்கும் பதில்தான். "லைட் எரியலையா?" என்று கேட்பேன். "ஆமாண்ணே" என்றால் எரியவில்லை என்று அர்த்தம். "இல்லண்ணே" என்றாலும் எரியவில்லை என்றுதான் பாதிப் பேருக்கு அர்த்தம். மீதிப் பேருக்கு, "இல்லண்ணே, நல்லா எரியுது" என்று அர்த்தம். இந்த மீதிப் பேரில் ஒருவரை நம்பி, ஆனையூரிலிருந்து வெயிலில் ஊரின் அடுத்த கோடிக்கு வண்டியை ஓட்டிப் போய், ஜம்மென்று எரிந்துகொண்டிருந்த லைட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அன்றிலிருந்து தொழிலில் ஒரு விதி வைத்துக்கொண்டேன். 'இல்லை' சேர்த்துக் கேள்வி கேட்கக் கூடாது. எரிகிறதா? அவ்வளவுதான். ஆமாம் என்றால் எரிகிறது, இல்லை என்றால் எரியவில்லை. உலகத்தில் பாதிச் சண்டை இதில் தீர்ந்துவிடும் என்பது என் கட்சி.

போன ஆயுத பூஜை முடிந்ததும் வந்த அழைப்புகளில் ஒன்று திருநகரிலிருந்து வந்தது. சர்வேயர் சாரின் மனைவி பேசினார்.

"தம்பி, சாரோட பட்டன் வேலை செய்யலப்பா. கம்ப்யூட்டர் வருது, படம் வருது, பட்டனுக்கு மட்டும் அசைய மாட்டேங்குது. நேத்து வந்துட்டுப் போவீங்கன்னு பாத்தேன், போனே கிடைக்கல. இன்னைக்குக் கண்டிப்பா வரணும். சாயங்காலத்துக்குள்ள ஒருத்தருக்குப் பதில் சொல்லியாகணும்."

மற்ற வீடுகளுக்கு நாளைக்கு வாரேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். காரணம், அந்த வீட்டில் பட்டன் வேலை செய்யவில்லை என்றால் ஒரு மனிதர் வாய் பேசவில்லை என்று அர்த்தம்.

சார் நில அளவைத் துறையில் இருந்தவர். உசிலம்பட்டி பக்கமெல்லாம் சங்கிலியோடு நடந்தவர். எங்கள் அப்பாவும் பங்காளியும் வரப்புக்காக அடித்துக்கொண்டபோது அளக்க வந்தவர் இவர்தான் என்பது பிற்பாடு பேச்சுவாக்கில் தெரிந்தது. காப்பி குடிக்காமல் அளந்து, இருவருக்கும் பிடிக்காத இடத்தில் கல்லை நட்டுவிட்டுப் போனாராம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற ஆள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே பக்கவாதம் வந்து பேச்சும் கை கால்களும் போயின. மிஞ்சியது கண் இமைகளும் வலது கட்டைவிரலும். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தால் ஆமாம். மூடாமல் அப்படியே பார்த்தால் இல்லை.

கட்டைவிரலுக்கு நான் ஒரு காலிங் பெல் ஸ்விட்ச் வைத்துக் கொடுத்திருந்தேன். அதன் வயர் கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் ஒன்பது ஊசி சாக்கெட்டுக்குப் போகும். காம் போர்ட் என்பார்கள், இப்போது வரும் மெஷின்களில் அது கிடையாது. திரையில் தமிழ் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாக இறங்கிவரும். வேண்டிய வரிசைக்கு வந்ததும் கட்டைவிரலை அமுக்க வேண்டும், பிறகு வேண்டிய எழுத்தில் இன்னொரு அமுக்கு. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். எழுதுவது மட்டும் தமிழ், அந்த புரோகிராமுக்குத் தெரிந்தது அதுதான்.

அது மிகப் பழைய கம்ப்யூட்டர். ஒரு தடவை ஆசை ஆசையாய் லேப்டாப் ஒன்றைக் கொண்டுபோய், நடுவில் கன்வெர்ட்டர் வயர் போட்டு மாட்டினேன். அமுக்கினால் ஓர் எழுத்து தள்ளிப்போய் விழுந்தது. சார் பொறுமையாக ஒரு பகல் முழுக்கப் பழகிப் பார்த்துவிட்டுக் கடைசியில் எழுதியது இரண்டு சொல். "பழசு வரட்டும்." லேப்டாப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் போனபோது வீடு ஒரு மாதிரி இருந்தது. வாசலில் மாவிலைத் தோரணம் வாடிக் கிடந்தது. கூடத்தில் ஜமுக்காளம் விரித்தபடியே இருந்தது, யாரும் உட்கார்ந்த மாதிரி இல்லை. சாரின் மகள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலையில் இருக்கிறாள். வழக்கமாக என்னைப் பார்த்ததும் "வாங்கண்ணே, அரிவாள் மூட்டை வந்துருச்சு" என்று என் பையைக் கேலி செய்வாள். அறுக்கமாட்டாதவன் கையில் ஐம்பத்தெட்டு அரிவாள் என்று நானே என் ஸ்க்ரூடிரைவர் பையைப் பற்றி ஒரு தடவை சொல்லிவைத்தது வினை. அன்றைக்கு அவள் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சார் கட்டிலில் சாய்ந்திருந்தார், கண்களை இறுக்கி மூடிக்கொண்டு. அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. அது கோபம். எனக்கு அந்த வியாதி இருப்பதால் அடையாளம் தெரியும்.

கம்ப்யூட்டரின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். நான் நினைத்தது சரியாக இருந்தது. ஒன்பது ஊசி சாக்கெட்டின் மேலேயே ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"அக்கா, இதுக்குமா பொட்டு?"

"அதுலதானப்பா அவரு பேச்சே இருக்கு. அதுக்கு வைக்காம எதுக்கு வைக்கிறது?"

பல் துலக்கும் பழைய பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தோய்த்து ஊசி ஊசியாகத் தேய்த்தேன். அக்கா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் நடந்ததைச் சொன்னார்.

மகளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. நல்ல இடம். பையன் வீட்டார் இரண்டு தடவை வந்து பேசி, விஜயதசமி அன்று வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. ஆயுத பூஜை அன்று காலையில் அக்கா சாமி அறையில் எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டு, நாளைக்கு அவர்கள் வரும்போது என்ன பலகாரம் செய்வது என்று சாரிடம் பேசிக்கொண்டே கம்ப்யூட்டரைத் துடைக்க வந்திருக்கிறார். நல்ல நேரம் முடியப்போகிற அவசரம். அப்போது சார் எழுதத் தொடங்கினார். திரையில் ஒரு சொல் வந்தது. வேண்டாம்.

"எனக்குப் பகீர்னுச்சு தம்பி. இம்புட்டு நாள் ஒண்ணும் சொல்லாத மனுசன், கடைசி நேரத்துல வேண்டாங்கிறாரேன்னு. மேல எழுத வெளிச்சம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. நான் அழுதுகிட்டே பிளக்கைப் பிடுங்கிட்டேன். நல்ல நேரம் போயிருச்சுன்னா அது வேற. பூஜை முடிஞ்சு வந்து கேட்டுக்கலாம்னு."

பூஜைக்கு வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. ஆயுதத்துக்கு ஓய்வு. ஆகையால் சாருக்கும் ஓய்வு. மறுநாள் வயர்களையெல்லாம் மாட்டி ஸ்விட்சைப் போட்டார்கள், பட்டன் வேலை செய்யவில்லை.

"கண்ணால கேட்டுப் பாத்தீங்களாக்கா?"

"கேக்காம இருப்பேனா? வேண்டாம்னா சொன்னீங்கன்னு கேட்டேன். கண்ண மூடித் தொறந்தாரு. மாப்பிள்ளையப் பிடிக்கலையான்னு கேட்டேன். கண்ணை மூடவே இல்ல, அப்படியே என்னையப் பாத்தாரு. இல்லைன்னுட்டாரு தம்பி, பிடிக்கலைன்னுட்டாரு. ஏன்னு கேட்டா எப்படிச் சொல்லுவாரு? அதுக்குள்ள இவ வந்து, அப்பாவைப் போட்டுப் படுத்தாதம்மா, அவருக்கு வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்னுட்டா. ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிக் கேக்கலாம்னு உக்காந்தேன். அதுக்கும் இவ விடல. அப்ப மூடுன கண்ணுதான், அவரு தொறக்கல."

பையன் வீட்டாருக்கு, சாருக்கு உடம்பு சரியில்லை, பிறகு சொல்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் ஒரு பதில் சொல்லிவிடுங்கள் என்று வரனைப் பேசி நடுவில் நின்றவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"மகளுக்கு?" என்றேன்.

அக்கா உள்பக்கம் பார்த்தார். "அவளுக்கு ஆசைதான். வாயால சொல்லல. ஆனா பெத்தவளுக்குத் தெரியாதா? ராத்திரி முழுக்க முதுகைக் காட்டிப் படுத்திருந்தா."

அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் மூக்கை நுழைக்க நான் யார்? வந்த வேலையைப் பார்ப்போம் என்று வயரை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். திரையில் எழுத்துகள் வந்தன, வெளிச்சம் ஓடியது. பட்டனை அமுக்கினேன். அது தன் போக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. பொட்டு நிரபராதி.

அடுத்து வயர். பட்டனுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, அக்காவிடம் ஒரு ஹேர்பின் வாங்கி, பட்டன் இணைக்கிற அந்த இரண்டு ஊசிகளை ஹேர்பின்னால் தொட்டேன். வயரில் கோளாறு என்றால் இப்போது வெளிச்சம் நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஆக வயரும் நிரபராதி, பட்டனும் நிரபராதி. போர்ட்டே செத்துப்போனதோ என்று பயம் வந்தது. இந்தக் காலத்து ஸ்பேர் கடைகளில் அப்படி ஒரு போர்டைக் கேட்டால் பேரனைக் கூப்பிட்டு என்னைக் காட்டுவார்கள். எரிச்சலில் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, திருகாணிகளைக் கழற்றிக்கொண்டே அக்காவிடம் கேட்டேன்.

"நேத்து மொத தடவை ஸ்விட்ச் போட்டப்போ ஸ்க்ரீன்ல எதுவும் எழுதி வரலையா?"

"இல்ல தம்பி."

சரி, ஒன்றும் வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். மூடியைத் திறந்து, தூசி ஊதி, உள்ளே ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். பிறகு பிளக்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்து நின்றது. பழைய செட்டிங்ஸ் எல்லாம் அழிந்துவிட்டன, தொடர வேண்டுமானால் கீபோர்டில் இந்தச் சாவியை அமுக்கு என்று.

"அக்கா! இது நேத்து வந்துச்சா?"

"ஆமா, இதேதான். ஒரு சாவியை அமுக்கச் சொல்லுச்சு, அமுக்குனேன், போயிருச்சு."

"எதுவும் வரலையான்னு கேட்டேனே!"

"அதான் இல்லைன்னேனே தம்பி. வரலையான்னு கேட்டீங்க. இல்ல, வந்துச்சுன்னு அர்த்தம்."

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். கத்தவில்லை. விதி வைத்ததே நான், அதை மீறிக் கேட்டதும் நான். ஊருக்கு உபதேசம். ஆனால் வாயை மூடவைத்தது வெட்கம் மட்டும் இல்லை. வரலையா, இல்லை. பிடிக்கலையா, இல்லை. கையில் ஸ்க்ரூடிரைவரோடு அப்படியே திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற மனுசன். மாப்பிள்ளையைப் பிடிக்கலையா என்றால், பிடிக்காமல் இல்லை என்று அவர் கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம் அல்லவா?

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் 'வேண்டாம்' என்று எழுதியது அவர்தானே? அதற்குக் கண்ணை மூடி ஆமாம் என்றும் சொல்லியிருக்கிறார். நான் பாட்டுக்கு ஒன்றைச் சொல்லி, அந்தப் பெண் நம்பி, பிறகு அது இல்லை என்றாகிவிட்டால்? அவரே சொல்லட்டும். அதற்குத்தானே என்னைக் கூப்பிட்டது. கை பரபரவென்று வேலை செய்தது.

இப்போது சங்கதி விளங்கிவிட்டது. செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால் தேதி எங்கோ பழைய காலத்தில் நின்றது. உள்ளே காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி உண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டருக்கு நினைவு தப்பாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அது எப்போதோ தீர்ந்துபோயிருக்கிறது. இந்த வீட்டில் பிளக்கை ஒருபோதும் பிடுங்குவதில்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. பூஜைக்காக ஒரு ராத்திரி பிடுங்கி வைத்ததும், மெஷின் தன்னைப் பற்றிய எல்லாவற்றையும் மறந்துவிட்டது.

மறந்ததில் ஒன்றுதான் முக்கியம். சார் வேலையில் இருந்த காலத்தில் டெலிபோன் லைன் வழியாக இண்டர்நெட் பார்க்க ஒரு மோடம் கார்டு போட்டிருந்தார்கள். டெலிபோன் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த மோடம், காலி பண்ணாத குடித்தனக்காரர் மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒன்றாம் நம்பர். அதனால் பட்டன் சாக்கெட்டுக்கு நான் இரண்டாம் நம்பர் கொடுத்திருந்தேன். நினைவு தப்பியதும் சாக்கெட் பழையபடி ஒன்றாம் நம்பருக்கே போய்விட்டது. எங்கள் தெருவில் பழைய எண், புதிய எண் என்று கதவுக்கு இரண்டு நம்பர் எழுதிவைத்து, கூரியர்காரனை அலையவிடுவோமே, அதே கூத்து. ஒரு நம்பருக்கு இரண்டு பேர். இரண்டாம் நம்பர் வாசலில் சார் கட்டைவிரலின் அமுக்கை எதிர்பார்த்து நின்ற புரோகிராமுக்கு ஒன்றுமே வரவில்லை.

அணைத்துவிட்டு மோடம் கார்டைப் பிடுங்கி அக்கா கையில் கொடுத்தேன். "இது எதுக்கு எனக்கு?" என்றார். "அடுத்த வருசம் பொட்டு வைக்க" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. புதுப் பேட்டரியைப் போட்டு, தேதியைத் திருத்தி, சாக்கெட்டுக்கு மறுபடி இரண்டாம் நம்பரைக் கொடுத்தேன். ஹேர்பின்னால் தொட்டேன். வெளிச்சம் டக்கென்று நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த ஹேர்பின்னை என் சட்டைப் பையிலேயே குத்திக்கொண்டேன்.

பட்டனைச் சார் கட்டைவிரலுக்கு அடியில் வைத்து, "சார், சரியாயிருச்சு" என்றேன். இமைகள் திறந்தன. நேராகத் திரையைப் பார்த்தார், எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை.

வெளிச்சம் இறங்கியது. கட்டைவிரல் அசைந்தது. வ. அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் மறுபடி மேலிருந்து புறப்பட்டு, இறங்கி, நின்றது. ய.

"வயசு!" என்றார் அக்கா. "பையனுக்கு வயசு கூடங்கிறாரு. நானும் நெனைச்சேன் தம்பி, நாலு வருசம் வித்தியாசம்."

அடுத்த எழுத்து சு இல்லை. ரை. வயரை. அக்கா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். சமையலறை வாசலில் அந்தப் பெண் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது, கதவுநிலையில் சாய்ந்துகொண்டு. வெளிச்சம் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே திருமங்கலம் ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வயரைப் பிடுங்க வேண்டாம்.

அக்கா அதை வாய்விட்டு வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பிறகு கை தானாக வாய்க்குப் போனது. "அய்யய்யோ, இதத்தான் அன்னைக்கு... நான் பிளக்குல கைய வச்சப்ப..." அதற்கு மேல் அவர்கள் பாஷைக்குப் போய்விட்டார். எனக்குப் புரியவில்லை. ஆனால் பாதி அழுகை, பாதி புருஷனைத் திட்டுவது என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. திட்டிக்கொண்டே போனைத் தேடினார், நடுவில் நின்றவரைக் கூப்பிட. கண்ணாடியைத் தேடினார். நம்பரைத் தேடினார்.

சார் நிறுத்தவில்லை. கட்டைவிரல் மறுபடி அமுக்கியது. அக்கா போனைக் காதுக்குக் கொண்டுபோனவர், திரையில் புது எழுத்து விழுவதைப் பார்த்து அப்படியே இறக்கினார். இந்தத் தடவை யாரும் ஊகிக்கவில்லை. இடையில் ஒரு எழுத்து தவறிவிழ, அதை அழிக்க அவருக்கு மூன்று அமுக்கு ஆனது. நான் பொறுமை இல்லாதவன், எனக்கே அவசரமாக இல்லை.

உனக்குப் பிடிச்சிருக்கா

கேள்விக்குறி போட அவர் மெனக்கெடவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுத்து, என்னைத் தாண்டி, அக்காவைத் தாண்டி, மகள் நின்ற வாசல்நிலைக்குக் கொண்டுபோனார். இத்தனை நாளில் அந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி.

அவள் கதவுநிலையை விட்டு நிமிர்ந்தாள். அப்பாவின் முகத்தையே பார்த்தபடி, ஒரே ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள்.